சாவி எங்கே, அண்ணாச்சி?

மெஷினுக்குக் காவல் இருப்பது என்று ஓர் உத்தியோகம் இருக்கிறது. வாட்ச்மேன் வேலை இல்லை. வாட்ச்மேனுக்காவது ஒரு ஸ்டூல், ஒரு விசில், நடுராத்திரியில் ஒரு டீ உண்டு. இந்த வேலையில் கையில் லேப்டாப், தலையில் ஹெல்மெட், காதில் பஞ்சு. விஸிட்டிங் கார்டில் மட்டும் 'தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு சாதனங்களுக்கான ஸைபர் பாதுகாப்பு எஞ்சினீயர்' என்று மூன்று வரிக்கு ஓடும். படித்து முடிப்பதற்குள் எதிராளி கார்டைத் திருப்பிக் கொடுத்து விடுவார்.

மாதத்தில் பாதி நாள் எனக்கு அந்த வேலை. பாக்கிப் பாதி நாள் இந்த மாதிரி எழுதுவது. இரண்டிலும் செக் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே தெரியாது.

எஞ்சினீயர் என்றதும் பெரிதாக நினைத்து விடாதீர்கள். அடியேன் பி.காம். பற்று, வரவு, இருப்பு என்று மூன்று வருஷம் உருப்போட்டு, வேலை கிடைக்காமல், ஆறு மாச நெட்வொர்க்கிங் கோர்ஸ் படித்து, ஆபீஸ் ஆபீஸாகப் போய் மவுஸ் மாற்றிக் கொண்டிருந்தேன். ஒரு புண்ணியவான், "ஃபேக்டரிக்குப் போறியா? அங்கே போக எவனும் சம்மதிக்க மாட்டேங்கறான். சத்தம் ஜாஸ்தி, ஏ.ஸி. கிடையாது" என்று ஆசை காட்டி அனுப்பி வைத்தார். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே சத்தத்தைவிட சங்கதி ஜாஸ்தி.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் என்ன ஆகும்? நாலு எக்ஸெல் ஷீட் போகும். மேனேஜர் குதிப்பார். நமக்கு அரை நாள் ஓய்வு. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், உள்ளுக்குள்ளே ஒரு குஷி இருக்குமா, இருக்காதா?

ஃபேக்டரியில் அந்தக் குஷிக்கு இடமில்லை. அங்கே கம்ப்யூட்டரின் மறுமுனையில் இருப்பது இரும்பு. இருநூறு டன் அழுத்தத்தோடு இறங்கும் பிரஸ். கொதிக்கிற உலை. கையை வீசுகிற ரோபோ. அதற்குப் பக்கத்தில், ஷிஃப்டுக்கு வந்த யாரோ வீட்டுப் பிள்ளை. அதனால் ஆபீஸில் முதல் கவலை ரகசியம் என்றால், ஆலையில் முதல் கவலை ஆள். இரண்டாவது கவலை, மெஷின் நிற்காமல் ஓடுவது. ரகசியமெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு மூளை உண்டு. பி.எல்.சி. என்று பெயர். ரொட்டிப் பாக்கெட் அளவுக்கு ஒரு பெட்டி. 'தகடு வந்தாச்சா? கதவு மூடியாச்சா? சரி, மோட்டாரைப் போடு' என்று விநாடிக்குப் பல தடவை கேட்டுக் கேட்டு உத்தரவு போட்டுக் கொண்டே இருக்கும். 1968-ல் டிக் மார்லி என்கிற அமெரிக்க எஞ்சினீயர் யோசித்த விஷயம். இந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக் கொள்ள 1979-ல் 'மாட்பஸ்' என்று ஒரு பாஷை வந்தது. நல்ல பாஷைதான், இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரே ஒரு குறை. 'நீ யாருப்பா?' என்று கேட்கிற வழக்கம் அதில் கிடையாது. 'மோட்டாரை நிறுத்து' என்று யார் சொன்னாலும் நிறுத்தும். கிராமத்தில் பகல் முழுக்கக் கதவு திறந்து கிடக்கும் வீடு மாதிரி. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் தெரிந்த முகமாக இருந்தவரைக்கும் சரி. இப்போது அந்தத் தெருவையே கொண்டு போய் இன்டர்நெட்டில் சேர்த்து விட்டோம்.

"இதென்ன பிரமாதம், ஒரு ஆன்ட்டி-வைரஸைப் போட்டு, எல்லா மெஷினையும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டா போச்சு" என்பீர்கள். ஆபீஸில் அப்படித்தான் செய்வோம். 'யாரெல்லாம் இருக்கீங்க?' என்று நெட்வொர்க்கில் ஒரு குரல் கொடுத்தால், இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் 'உள்ளேன் ஐயா' என்று பதில் சொல்லும்.

ஃபேக்டரியில் கதை வேறே. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான 'நிஸ்ட்' இந்தத் துறைக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. அதில் ஒரு சம்பவம் வருகிறது. யாரோ ஒருவர் இப்படித்தான் ஓர் ஆலை நெட்வொர்க்கில் 'யாரெல்லாம் இருக்கீங்க?' என்று கேட்டிருக்கிறார். சும்மா நின்று கொண்டிருந்த ஒன்பது அடி ரோபோ கை ஒன்று, விசுக்கென்று அரை வட்டம் சுற்றியிருக்கிறது! அந்த அறையில் இருந்த ஆசாமி, நல்லகாலம், கைக்கு எட்டாத தூரத்தில் நின்றிருந்தார். சிப் செய்கிற இன்னொரு ஆலையில் இதே கேள்வியைக் கேட்டதற்கு, 50,000 டாலர் மதிப்புள்ள சரக்கு பாழ். ஆபீஸில் இதைத் தினம் ஆயிரம் தடவை கேட்கிறோம், ஒரு பிரிண்டர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை!

ஆகவே இந்தத் தொழிலின் முதல் பாடம், எதையும் தொடாதே. மெஷின்களை இணைக்கிற ஸ்விட்ச்சில் ஒரு துவாரத்தை மட்டும் வாங்கிக் கொண்டு, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்பதோடு சரி. பஸ்ஸில் பின் ஸீட்டில் உட்கார்ந்து குடும்பக் கதை கேட்கிற மாதிரி.

இரண்டாவது பாடம், நடந்து பார். இது எங்கள் பி.காம். சமாசாரம். ஸ்டாக் எடுப்பது! ரிஜிஸ்டரில் நாற்பது மெஷின் என்று இருக்கும். ஷெட்டில் எண்ணினால் ஐம்பதுக்குக் குறையாது. பாக்கிப் பத்தும் எப்போது வந்தது, யார் மாட்டியது என்று கேட்டால், "அது முன்னாடி இருந்த ஸார் காலத்துல" என்பார்கள். முன்னாடி இருந்த ஸார் என்கிறவர் எல்லா ஆலையிலும் இருக்கிறார். அவர் ஒருவரே எல்லா இடத்திலும் வேலை பார்த்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்தப் பத்தில் நாலாவது விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும். அதற்கு 2014 ஏப்ரல் மாதமே மைக்ரோஸாஃப்ட் கருமாதி செய்து விட்டது. ஆனாலும் ஷெட்டுக்குள்ளே ஜம்மென்று உயிரோடு இருக்கிறது. ஆலைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மெஷின் விலை கோடியில். இருபது, இருபத்தைந்து வருஷம் உழைக்கும். அதோடு வந்த ஸாஃப்ட்வேர் எக்ஸ்பியில்தான் ஓடும் என்றால், கம்ப்யூட்டருக்காக மெஷினையா மாற்ற முடியும்? ஓட்டையை அடைக்கிற மருந்து வந்தாலும், அதைப் போட மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்த ப்ரொடக்ஷன் சம்மதிக்காது. "தீபாவளி லீவுல பண்ணிக்கலாம் ஸார்" என்பார்கள். எந்தத் தீபாவளி என்று சொல்ல மாட்டார்கள்.

2017-ல் நடந்தது இதுதான். மார்ச் மாதம் விண்டோஸில் ஓர் ஓட்டைக்கு மைக்ரோஸாஃப்ட் மருந்து கொடுத்தது. மே மாதம் அதே ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' வைரஸ் உலகம் பூராவும் புகுந்தது. நம்ம ஒரகடத்தில் அப்போது ரெனோ-நிஸான் வசம் இருந்த ஆலை வரைக்கும் அதன் பாதிப்பு வந்தது. ஜூன் மாதம் ஜப்பானில் ஹோண்டாவின் ஸயாமா ஆலை ஒரு நாள் மூடிக் கிடந்தது. மார்ச்சில் குடை கொடுத்தார்கள். மழை வந்தபோது அது இன்னும் உறையில் இருந்தது.

* * *

இனி, அண்ணாச்சி.

கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், நான் எழுதிக் கொடுத்த கையெழுத்து அவர்களிடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார் கம்பெனிகளுக்குத் தகட்டு பாகம் அடித்துக் கொடுக்கிற ஃபேக்டரி என்பதோடு விட்டு விடுங்கள். அந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் அப்படி ஒரு கம்பெனியின் கூரை மேல்தான் விழும்.

அங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைஸரை முதலாளி முதல் கேன்டீன் பையன் வரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். கோவில்பட்டிக்காரர். ரிடையர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. ஓடுகிற மெஷினின் விலாவில் கையை வைத்துக் கொண்டு கண்ணை மூடி நிற்பார், வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி. "மூணாம் நம்பருக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. நாளைக்குப் படுத்துரும், பாத்துக்கிடுங்க" என்பார். மறுநாள் படுத்து விடும். அவர் வைக்கிற அந்த இடது கையில் மூன்று விரல்கள்தான். 1990-களில், பாடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில், காலால் மிதித்து ஓட்டுகிற பிரஸ்ஸில் இரண்டைக் கொடுத்து விட்டு வந்தவர்.

ஒட்டுக் கேட்க ஆரம்பித்த மூன்றாவது நாள். லிஸ்டில் இல்லாத ஒரு நம்பர், ராத்திரி இரண்டு மணிக்கு, நாலாம் நம்பர் பிரஸ்ஸின் மூளையோடு பேசிக் கொண்டிருந்தது. வயசுப் பிள்ளை அந்த நேரத்தில் போனில் பேசினாலே வீட்டில் சந்தேகப்படுவார்கள். மெஷின் பேசினால்?

மறுநாள் டார்ச்சும் கையுமாக நாலாம் நம்பரின் பானலைத் திறந்தோம். ஒயர்க் கற்றைக்குப் பின்னால், வெளியே தெரியாமல், பிளாஸ்டிக் டையால் கட்டி வைத்த ஒரு 4ஜி ரௌட்டர். உள்ளே சிம் கார்டு. கம்பெனியில் கொடுத்த பாஸ்வேர்டு ஸ்டிக்கர் அதன் முதுகிலேயே ஒட்டியிருந்தது. முன்பக்கம் சந்தனம், குங்குமம். ஓரமாக ஒரு காய்ந்த சாமந்தி!

வெளிநாட்டில் இம்மாதிரி ஒன்று எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க நிபுணர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக் கொள்வார்கள். நமக்கு ஒரு விநாடி. போன ஆயுத பூஜைக்கு முன்னாலேயே வந்திருக்கிறது.

"அண்ணாச்சி, இது என்ன?"

"நாந்தான் வெச்சேன் தம்பி." ஒளிவு மறைவே இல்லை. "மெஷின் நின்னா மணிக்கு எவ்வளவு நட்டம்னு போர்டுல எழுதிப் போடுதாவ. சரி பண்ணுத ஆளு புனேயில இருந்து வரணும். ரெண்டு நாளு ஆகும். அதுக்குள்ள நமக்கு மெமோ. அந்தப் பையன்தான் சொன்னான், 'இதை மாட்டி வைங்க, நான் இங்க இருந்தே பாத்துருதேன்'னு. அதுக்கப்புறம் இருவது நிமிசத்துல மெஷின் ஓடுது. மாசா மாசம் ரீசார்ஜ் என் கைக்காசு, தெரியுமா?"

திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்து, அதற்கு மாசா மாசம் வாடகையும் கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் பக்கத்தில் நின்று பார்த்தால், ஒன்றரை மாதம் தூங்க முடியாமல் இருந்த மனுஷன் கண்டுபிடித்த வழி அது.

"நான் ஒண்ணு கேக்கேன்" என்றார் அண்ணாச்சி. "உங்க பாஸ்வேர்டு, ஃபயர்வால் எல்லாம் ஆபீஸ்காரவ ஃபைலைக் காப்பாத்தும். சரி. இங்கன நிக்குத பயலுவ விரலைக் காப்பாத்துமா?"

நான் பதில் சொல்லவில்லை. ரௌட்டருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டியைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

அதற்கு முன் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் காலத்து பிரஸ்ஸின் வாயில் இரண்டு பக்கமும் மஞ்சள் தூண் நிற்கும். 'லைட் கர்ட்டன்' என்பார்கள். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் வரிசையாக ஓடும். யாராவது கையை நீட்டினால் கதிர் அறுபடும். மேலேயிருந்து இறங்குகிற அச்சு அந்த க்ஷணமே அந்தரத்தில் நிற்கும். 'நில்' என்று சொல்வதற்கென்றே தனியாக ஒரு மூளை உண்டு, சேஃப்டி பி.எல்.சி. நான் பார்த்துக் கொண்டிருந்த பெட்டி அதுதான். அதன் முகத்தில் ஒரு சாவித் துவாரம். சாவி 'ரன்' என்ற இடத்தில் இருந்தால், யார் வந்து சொன்னாலும் அது தன் புத்தியை மாற்றிக் கொள்ளாது. 'ப்ரோக்ராம்' என்ற இடத்தில் இருந்தால், சொல்வதைக் கேட்கும்.

சாவி 'ப்ரோக்ராமில்' இருந்தது. நுனியில் ஒரு சிவப்பு நூல் வேறு தொங்கிக் கொண்டிருந்தது.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"ஒவ்வொரு தரமும் அந்தப் பையன் போன் போட்டு 'சாவியைத் திருப்புங்க'ம்பான். ராத்திரி நான் இல்லாட்டி யாரு திருப்புவா? அதான் அப்படியே விட்டாச்சு."

டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்து டீயை வரவழைத்தோம். நான் அவருக்கு 2017-ல் ஸவூதியில் நடந்த கதையைச் சொன்னேன்.

அங்கே ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலை. அழுத்தம் மீறினால், விஷ வாயு கசிந்தால், ஆலையைத் தானாக நிறுத்த 'ட்ரைகானெக்ஸ்' என்ற சேஃப்டி பெட்டிகள் வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ நெட்வொர்க்குக்குள் நுழைந்தவர்கள், பணம் கேட்கவில்லை, ஃபைல் திருடவில்லை. நேராக அந்தக் காவல் பெட்டிகளுக்குப் போய் அதன் புத்தியை மாற்ற முயன்றார்கள். 'ட்ரைட்டன்' என்று அந்த வைரஸுக்குப் பின்னால் பெயர் வைத்தார்கள். அவர்கள் எழுதியதில் ஏதோ பிசகு. பெட்டிகள் 'என்னமோ சரியில்லை' என்று ஆலையையே நிறுத்தி விட்டன. ஜூனில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை. இரண்டாம் தடவைதான் விஷயம் வெளியே வந்தது. ஆள் சேதம் இல்லை. 2020-ல் அமெரிக்க அரசு இதற்காக ரஷ்ய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் மீது தடை விதித்தது.

"அதெப்படி உள்ள போயி மாத்தினான்?" என்றார் அண்ணாச்சி.

"அந்தப் பெட்டியிலயும் ஒரு சாவி உண்டு, அண்ணாச்சி. 'ரன்'ல இருந்திருந்தா மாத்தியிருக்க முடியாது. யாரோ 'ப்ரோக்ராம்'ல விட்டுட்டுப் போயிருந்தாங்க."

அண்ணாச்சி டீயைக் கீழே வைத்தார்.

"அப்ப... இந்தத் தூணுல லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கும். கையை விட்டா நிக்காது. அப்படியும் பண்ணலாமோ?"

"பண்ணலாம். ஸ்க்ரீன்ல எல்லாம் சரியா இருக்கற மாதிரியே காட்டவும் செய்யலாம்." 2010-ல் அகப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' அதைத்தான் செய்தது. ஈரானில் நதான்ஸ் என்ற இடத்தில் யுரேனியம் செறிவூட்டுகிற எந்திரங்களைத் தாறுமாறான வேகத்தில் சுழல வைத்துக் கெடுத்தது. கெடுக்கும்போதே, முன்பு எல்லாம் நன்றாக இருந்தபோது பதிந்து வைத்த கணக்கை எடுத்துத் திரையில் ஓட்டியது. பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் க்ஷேமம்!

அண்ணாச்சி எழுந்தார். மெஷினை நிறுத்தச் சொன்னார். சாவியை 'ரன்'னுக்குத் திருப்பி, உருவி, சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு மூலையிலிருந்து சோதனைக் குச்சி ஒன்றை எடுத்து வந்தார். மெஷினை ஓட விட்டு, குச்சியைக் கதிருக்குள் நீட்டினார். அச்சு பாதியில் நின்றது. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும் நீட்டிப் பார்த்த பிறகுதான் டீயை எடுத்தார். ஆறிப் போயிருந்தது.

எந்த ஸர்க்குலரும் அனுப்பவில்லை, பவர் பாயின்ட் போடவில்லை. ஆறு வருஷமாக நான் எத்தனையோ பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். யாரும் இவ்வளவு வேகமாகப் புரிந்து கொண்டதில்லை. விரல் போனவருக்குத்தான் தெரியும், நாம் எதைக் காவல் காக்கிறோம் என்று.

* * *

அதோடு முடிந்திருந்தால் சுகம். ரிப்போர்ட் எழுத வேண்டுமே!

"யார் வெச்சது? எனக்குப் பேர் வேணும்" என்றார் ஜி.எம். "ஒருத்தர் மேலே ஆக்ஷன் எடுத்தாத்தான் மத்தவனுக்குப் பயம் இருக்கும்."

என்னை அனுப்பிய கம்பெனி முதலாளியோ போனில், "கேக்கறதைக் கொடுத்துட்டு பில்லுல கையெழுத்து வாங்கிட்டு வா, ராஜா" என்றார். பில் பாஸாகாவிட்டால் என் செக்கும் வராது.

என் பி.காம். மூளை அந்த நேரம் பார்த்து ஒரு கணக்குப் போட்டது. கிராஜுவிட்டி என்றால், கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஸர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும். அண்ணாச்சியின் கணக்கில் அது அவர் வாழ்க்கையில் பார்க்கப் போகிற ஒரே பெரிய தொகை. சார்ஜ் ஷீட், என்கொயரி என்று ஆரம்பித்தால் அந்த மனுஷன் எப்படி ரிடையர் ஆவார்?

அதே சமயம், விஷயத்தை மறைக்கவும் முடியாது. மறைத்தால் நான் எதற்கு?

இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். ரௌட்டர் இருந்ததை எழுதினேன். சாவி எங்கே இருந்தது என்பதை எழுதினேன். அதனால் என்ன நடந்திருக்கக் கூடும் என்பதைப் பூசி மெழுகாமல் எழுதினேன். 'யார்' என்பதற்குப் பதில் 'ஏன்' என்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். மெயின்டனன்ஸ் ஃபைலைப் புரட்டி, ரௌட்டர் வருவதற்கு முன் மெஷின் எத்தனை மணி நேரம் நின்றது, வந்த பிறகு எத்தனை மணி நேரம் நின்றது என்று இரண்டு பத்தியில் போட்டேன். சர்வீஸ் ஒப்பந்தத்தில் 'ஆள் வர 48 மணி நேரம்' என்று இருந்ததைப் பக்கத்தில் வைத்தேன். அந்த நாட்களில் மெயின்டனன்ஸுக்குப் போன மெமோக்களின் நகலை இணைத்தேன்.

மீட்டிங்கில் ஜி.எம். கேட்டார், "அது சரி, எங்களை மாதிரி ஸப்ளையரை எவன் வந்து சீண்டப் போறான்?"

2022-ஐச் சொன்னேன். ஜப்பானில் கொஜிமா என்ற உதிரி பாக கம்பெனியில் வைரஸ் புகுந்தது. அதனால் மார்ச் 1-ம் தேதி டொயோட்டா தன் நாட்டில் இருக்கிற 14 ஆலைகளையும் ஒரு நாள் நிறுத்தியது. சுமார் 13,000 கார்கள் தயாராகவில்லை. திருப்பிப் போட்டால் 2025. டாடா குழுமத்தைச் சேர்ந்த ஜாகுவார் லேண்ட் ரோவர், ஸைபர் தாக்குதலால் செப்டம்பர் மாதம் பூராவும் உற்பத்தியை நிறுத்தி, அக்டோபரில்தான் படிப்படியாகத் துவக்கியது. பிரிட்டனுக்கு 190 கோடி பவுண்டு நஷ்டம், 5,000-க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பாதிப்பு என்று அங்கே ஓர் அமைப்பு கணக்குப் போட்டது. அந்த ஐயாயிரத்தில் பெரும்பாலோர் யார்? இந்த மாதிரித் தகடு அடிக்கிறவர்கள், டீலர்கள், லாரிக்காரர்கள்.

ஜி.எம். இணைப்புகளைப் புரட்டினார். ஒரு மெமோவில் வந்து நின்றார். 'நாலாம் நம்பர் இன்னொரு முறை நின்றால் நீங்களே பொறுப்பு' என்று கண்டிப்பாக எழுதி, கீழே கையெழுத்து. கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவருடையது.

"அப்ப, இதை வெச்சவருக்கு மாலை போடணும்கறீங்களா?"

"இல்லை ஸார். அந்த வழியை மூடச் சொல்றேன். ஆனா வழி ஒண்ணு வேணும்னு ஒத்துக்கச் சொல்றேன். கம்பெனி கொடுக்காததாலதான் சுவத்துல ஓட்டை போட்டிருக்கு."

மூலையில் நின்றிருந்த அண்ணாச்சி முன்னால் வந்தார். "நாந்தான் ஸார் வெச்சேன்."

அந்த அறையில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் மின்விசிறி சத்தம் கேட்டது. ஜி.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி. இனிமே எப்படிச் செய்யறதுன்னு நீங்களே சொல்லுங்க."

* * *

செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ரௌட்டர் போயிற்று. கழற்றும்போது அண்ணாச்சி, "பூசை பண்ணின பொருளு, குப்பையில போட்டுராதீய" என்று சந்தனத்தைத் துடைத்து வாங்கிக் கொண்டார். சேஃப்டி பெட்டிகளை மற்ற மெஷின்களிலிருந்து பிரித்துத் தனி அறை மாதிரி ஆக்கி, ஒரே வாசல், வாசலில் ஒரு காவல். புனேக்காரருக்கு முறையான ஒரு வழி. அவர் போன் செய்ய வேண்டும். ஷிஃப்டில் இருப்பவர் ஸ்விட்ச்சைப் போட்டால்தான் உள்ளே வரலாம். அவர் செய்வதெல்லாம் பதிவாகும். வேலை முடிந்ததும் ஸ்விட்ச் அணையும். ரீசார்ஜ் கம்பெனி செலவு.

சாவிக்கு மட்டும் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று விட்டோம். ஒரு நூறு பக்க நோட்டு. முதல் பக்கத்தில் அண்ணாச்சி கையால் பிள்ளையார் சுழி. தேதி, நேரம், கேட்டது யார், எதற்காக, திருப்பியது யார், 'ரன்'னுக்கு வந்தது எப்போது, குச்சி வைத்துப் பார்த்தாயிற்றா, கையெழுத்து. கோடு போட்டுக் கொடுத்தது அடியேன். நாலு வருஷம் காலேஜ் பக்கம் போகாதவன் எழுதினாலும் தப்பு வராத மாதிரி பத்தி பிரித்திருந்தேன். பி.காம். வீண் போகவில்லை.

இந்த வேலையில் ஒரு துக்கம் உண்டு. அக்கவுண்ட்ஸில் நீங்கள் மிச்சம் பிடித்தால் பாலன்ஸ் ஷீட்டில் தெரியும். ஸேல்ஸில் விற்றால் இன்ஸென்டிவ் வரும். எங்கள் வேலை நன்றாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. நடக்காத விபத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? வருஷக் கடைசியில், "ஒரு பிரச்னையும் வரலியே, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு ஃபீஸ்?" என்று கேட்பார்கள். கேட்பவரின் பத்து விரல்களையும் பார்த்துக் கொண்டு சும்மா இருந்து விட வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் நார்வேயின் 'நார்ஸ்க் ஹைட்ரோ' என்ற அலுமினியக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரு வைரஸ் முடக்கியது. அப்போது 35,000 பேர் வேலை பார்த்த இடம். பணம் கேட்டவர்களுக்குக் காலணா கொடுக்க மாட்டோம் என்று சொல்லி விட்டார்கள். காகிதத்தையும் பேனாவையும் வைத்துக் கொண்டு கையாலேயே பல ஆலைகளை ஓட்டினார்கள். பழைய முறை தெரிந்த, ரிடையரான ஆட்கள் திரும்பி வந்து கூட நின்றார்கள். மெஷினின் விலாவில் கை வைத்து நாடி பார்க்கிறவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி வைப்பதும் பாதுகாப்பு ஏற்பாடுதான் என்று அதற்கப்புறம் எல்லா ரிப்போர்ட்டிலும் எழுதுகிறேன். யாராவது படிக்கிறார்களா, தெரியாது.

போன மாதம் ராத்திரி ஷிஃப்டில் அந்தப் பக்கம் போயிருந்தேன். அண்ணாச்சி லீவு. செய்யாற்றிலிருந்து வந்த ஐ.டி.ஐ. படித்த பையன், பத்தொன்பது வயசு இருக்கும், நாலாம் நம்பரில் நின்றிருந்தான். புனேக்காரர் போனில் இருந்தார். பையன் ஒரு காதில் போனை இடுக்கிக் கொண்டு பேசியது இது:

"வேலை முடிஞ்சுதா ஸார்? நான் சாவியைத் திருப்பறேன்... மறுபடி வேணும்னா மறுபடி கூப்பிடுங்க ஸார்... இல்ல ஸார், அப்படியே எல்லாம் விட முடியாது... யாரும் திட்ட மாட்டாங்க ஸார், நோட்டுல எழுதணும்."

போனை வைத்து விட்டு, சாவியை உருவிப் பையில் போட்டுக் கொண்டு, குச்சியைத் தேடிப் போனான்.